மடக்குக் கதவின் வெளிப்பக்கம்

ராயபுரம் ஷைனி ஒரு வீட்டில் வேலை முடித்துக் கிளம்பும்போது, யாரும் கேட்காமலேயே தன் பையைத் தரையில் கொட்டிக் காட்டிவிடுவாள். கதவு மாட்ட வந்தது ஒரு பொம்பளை என்றதும் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொள்பவர்களை ஆறு வருடமாகப் பார்க்கிறாள். திருவொற்றியூர் பிவிசி கடையில் பில் போட வந்தவள் அவள். ஃபிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒரு பொங்கல் வாரத்தில் டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தாள். அப்புறம் கீழே வைக்கவில்லை.

அவள் மாட்டுவது மடக்குக் கதவு. கம்பெனி அட்டையில் 'அக்கார்டியன் டோர்' என்றிருக்கும். ஏன் அந்தப் பேர் என்று கேட்பவர்களுக்கு அவளால் சொல்ல முடியும். அவள் அப்பா டெரிக் கிறிஸ்துமஸ் பவனியில் அக்கார்டியன் வாசிப்பவர். அவர் மார்பில் மாட்டிய பெட்டியின் துருத்தி மடிப்பு மடிப்பாய் விரிந்து சுருங்கும். இந்தக் கதவும் அப்படித்தான், பாட்டு மட்டும் வராது.

பிறர் சந்தேகம் பட்டுப் பட்டு அவளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் கண் தானாகச் சுற்றும்.

போன ஆடியில் எர்ணாவூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. வீட்டுக்காரன் வரதன், கன்டெய்னர் லாரி டிரைவர். கதவு இல்லாத சின்ன அறை ஒன்றைக் காட்டினான்.

"தாப்பா வெளிப்பக்கம் போடு சிஸ்டர். ஸ்ட்ராங்கா."

"உள்பக்கம்?"

"வாணாம்."

"உள்ள யாரு இருப்பாங்கண்ணா?"

"நாய் கீது," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நாய்க்கான தட்டு இல்லை, சங்கிலி இல்லை, ஒரு முடிகூட இல்லை. அறைக்குள் பாயும் தலையணையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. சமையலறையில் வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் கடைசிவரை வெளியே வரவில்லை.

 பொண்டாட்டியை அடைத்து வைக்கத்தான் கேட்கிறான் என்று ஷைனி முடிவே கட்டிவிட்டாள். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. டப்பாவில் இருந்ததிலேயே குட்டையான ஸ்க்ரூக்களைத் தேடி எடுத்துத் தாழ்ப்பாளை மாட்டினாள். உள்ளேயிருந்து தோளால் ஒரு இடி இடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

சாப்பாட்டின்போது புருஷன் ஜெபினிடம் சொன்னாள்.

"ஊரான் வூட்டு வெவகாரம். உனுக்கு இன்னாத்துக்கு?" என்றான் அவன்.

மூன்றாம் நாள் காலை, கதவு ஓடும் ரெயிலுக்கு எண்ணெய் விட வந்ததாகச் சொல்லிக்கொண்டு எர்ணாவூருக்குப் போனாள். வரதன் லாரிக்குப் போயிருந்தான்; அந்தப் பெண்தான் திறந்தாள். பேர் பூமாரி. அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இடிச்சு வெளிய வந்துட்டியா?" என்று கேட்டாள் ஷைனி, மனதுக்குள் ஒரு சின்னப் பெருமையோடு.

பூமாரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நானா? அது எனுக்கு இல்லக்கா, அவருக்கு. குடிச்சாக்கா கை நீளும். போதை எறங்கனப்போ அவரே ரோசன பண்ணிச் சொன்னது, என்னிய உள்ள தள்ளித் தாப்பா போட்டுருன்னு. வெளிய சொல்ல வெக்கப்பட்டு நாய்ன்னுட்டாரு."

"அப்போ இது?"

"நேத்து சாயங்காலம் தாப்பா போட்டேன். ஒரே இடி. வந்துட்டாரு." புடவைத் தலைப்பை இழுத்து முழங்கையை மறைத்துக்கொண்டாள். அதற்குள் ஷைனி வீக்கத்தைப் பார்த்துவிட்டாள். "எத்தினியோ கதவு மாட்டியிருப்ப. எனுக்கு மட்டும் ஏன்க்கா இம்மாத்தூண்டு ஸ்க்ரூ?"

ஷைனி பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பூமாரி அதை நம்பினாளா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

"பெரிய ஸ்க்ரூ போட்டாலும் இது பிளாஸ்டிக்தான். வெறி புடிச்ச ஆளைத் தாங்காது," என்றாள் ஷைனி. "உனுக்குப் போக எடம் கீதா?"

மணலி புதுநகரில் அக்கா இருந்தாள். பூமாரி அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து இரண்டு பைகளில் துணிகளை எடுத்துவைத்தாள். ஷேர் ஆட்டோவில் ஷைனியும் கூடப் போனாள்.

ஒரு வாரம் கழித்து வரதன் கடைக்கு வந்தான். சவரம் செய்து, தெளிவாக இருந்தான்.

"பூமாரி எங்க கீதுன்னு உனுக்குத் தெரியும்."

"தெரியாதுண்ணா."

"நான் சொன்னா மாரி ஸ்ட்ராங்கா போட்டிருந்தா அவ போயிருக்க மாட்டா."

ஷைனிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சொன்னாள்: "நான் பண்ணது தப்புதாண்ணா. ஆனா கை உன்னுது."

அவன் மாதிரிக் கதவு ஒன்றை இழுத்து மூடிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் வழக்கமான வழியில் வீடு திரும்பவில்லை. ஷேர் ஆட்டோவில் பின்னால் உட்காருபவர்களை முகம் பார்த்த பிறகுதான் ஏறுவாள்.

பூமாரி இப்போது மணலியில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். எடுத்ததும் ஷைனி கேட்பது ஒன்றுதான்: "பக்கத்துல யாருனா கீறாங்களா?"