பசை அக்காவும் முப்பத்தைந்தாவது பிரிவும்

எங்கள் நீதிமன்ற நூலகத்தில் அவளுக்குப் பசை அக்கா என்றே பெயர். அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தும்போதெல்லாம் அச்சகத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வரும். ஆறு பிரதிகளிலும் அவற்றை உரிய இடத்தில் ஒட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதேதான். ஒரு சீட்டுக்கு அரை நாள். அளந்து பார்ப்பாள், ஊதிப் பார்ப்பாள், ஓரத்தை நகத்தால் நீவுவாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

அந்தப் புத்தகமும் லேசுப்பட்டதில்லை. முதலில் முகவுரை, பிறகு பாகங்கள், பாகங்களுக்குள் பிரிவுகள், கடைசியில் மூட்டை கட்டி வைத்தாற்போல அட்டவணைகள். அதுவரை சரி. ஐம்பதுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவே புதிதாக ஒன்று வந்தால் அது 'ஐம்பது அ'. ஒரு பிரிவு ரத்தானால் அதன் எண் மட்டும் நிற்கும், பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று ஒற்றை வார்த்தை.

புதிதாக வந்த நூலகர் என்னைவிட அவசரக்காரர். "என்னய்யா இது, பல்லு போன வாய் மாதிரி? காலியா இருக்கறத அடிச்சிட்டு வரிசையா நம்பர் போடு" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற திமிர் வேறு. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா. ஒரு வீடு காலியாச்சுன்னா தெருவுல மத்த வீட்டு நம்பரெல்லாமா மாத்துவாங்க? தபால் எப்படிப் போய்ச் சேரும்?"

"எதுக்கெடுத்தாலும் உங்களுக்குப் பயம்க்கா."

ஒரு பிரதியை மட்டும் அவள் தன் மேஜையில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். மற்ற ஐந்திலும் சிவப்பு மையில் நான் எண்களை மாற்றினேன்.

மறுவாரம் ஒரு புது வக்கீல் வந்தார், கூடவே ஓர் அம்மா. தையல் வேலை செய்யும் அவள் மகனைப் போலீஸ் பிடித்து மூன்று நாளாகியிருந்தது. எதற்கென்று சொல்லவில்லை, நீதிபதி முன்னால் நிறுத்தவுமில்லை. பிடித்தவரை ஒரு நாளுக்குள் நிறுத்தியாக வேண்டும் என்ற பிரிவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முப்பத்து மூன்று என்று மனுவில் எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கொதித்துப்போய்த் திரும்பி வந்தார். "முப்பத்து மூணு, பட்டம் விருது பத்தினதாம்! நம்பர் தப்புன்னு மனுவ மூஞ்சில அடிக்காத குறையா திருப்பிட்டாங்க. என்ன புக்குய்யா வெச்சிருக்கீங்க?"

அக்கா பூட்டைத் திறந்து தன் பிரதியை விரித்தாள். "முப்பத்தஞ்சு சார். அதுக்கு முன்னாடி ரெண்டு ரத்தாச்சு. அதத்தான் அடிச்சிட்டாங்க." என் பெயரைச் சொல்லவில்லை.

வக்கீல் எண்ணைத் திருத்திக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். மனு வாங்கும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். தட்டினேன், கெஞ்சினேன். "நாளைக்கு வாங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அந்த அம்மா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ஒரு நாளாப்பா?" என்றாள் என்னைப் பார்த்து.

மறுநாள் மதியம் விட்டுவிட்டார்கள். அம்மா மகனை நூலகத்துக்கே அழைத்து வந்தாள். அவன் உதடு வீங்கியிருந்தது.

"மூணு நாளும் சும்மாதான் வெச்சிருந்தாங்க. நேத்து ராத்திரிதான்..." என்று நிறுத்திக்கொண்டான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளைக்காக நேத்து என்ன ஓட்டம் ஓடினே! நீ நல்லா இருக்கணும்பா."

பசை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வெட்கங்கெட்ட வாய், "பரவாயில்லைம்மா" என்றது.