ஸ்கிரீனில் அல்வால், வீடு மாரெட்பள்ளி

செல்போன் கம்பெனி கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு போனில் இருக்காது, போன் வைத்திருக்கும் ஆளிடம் இருக்கும்.

ஸ்கிரீனை வாசிங்க

இதன் தொடக்கத்தை நான் நேரில் பார்க்கவில்லை; பக்கத்து கவுன்டர் ஸ்டெல்லா அக்கா சொன்னது. அப்போதெல்லாம் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த ஏரியாவின் பெயர் ஸ்கிரீனில் வரும். அக்காவின் சர்ச்சில் பாடும் மேரி ஆன்ட்டி இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கணவர் தேவராஜ் அங்கிளுக்குப் போன் செய்தால், எங்கே என்று கேட்க மாட்டார். "ஸ்கிரீனை வாசிங்க" என்பார்.

ஒரு சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு நடுவே அப்படிக் கேட்டார். அங்கிள் பதறிப்போய், ஸ்கிரீனில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டார்: அல்வால். வீட்டிலிருந்து தூரத்தில், அங்கிளின் சீட்டாட்டக் கூட்டாளிகள் இருக்கும் ஏரியா. மாரெட்பள்ளியில் தங்கள் வீட்டிலேயே இருந்ததாகப் பிறகு சத்தியம் செய்தும் பலனில்லை.

"மனுஷன் பொய் சொல்வான். மெஷின் கைக்கு பொய் சொல்லும்? எதுக்குச் சொல்லும்?" என்றார் ஆன்ட்டி.

எங்கே நின்றீர்கள்?

ஆன்ட்டி வீட்டுக்குள் சேர்க்காததால் மச்சான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அங்கிள், என் கவுன்டரில் புகார் கொடுத்து, டவர் தப்பு என்று ஆன்ட்டியிடம் சொல்லச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. பொய் சொல்லி வேலையை இழக்கத் தைரியமில்லை. போன் பக்கத்து டவரைத்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை, நன்றாக எட்டும் டவரைப் பிடிக்கும் என்று விளக்கினேன். வீட்டில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்றும் கேட்டேன். அங்கிள் குரலைத் தாழ்த்தினார்.

"அது மட்டும் நக்கோ, கேக்க வேணாம் தம்பி."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

எனக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அக்காவோடு அவர்கள் வீட்டுக்கே போனேன். அங்கிள் கேட்டுக்கு வெளியே நின்றார். என் போன் ஹாலில் மாரெட்பள்ளி என்றது, சமையலறையிலும் அதுவே. ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டார். ஆன்ட்டியும் கூடவே வர, மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனதும் அல்வால் வந்தது.

"பாருங்க ஆன்ட்டி, அங்கிள் இங்கேதான் இருந்திருக்கார்" என்றேன், ஜெயித்த மாதிரி.

ஆன்ட்டி ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. தொட்டியடியில் கேக் டப்பா நிறைய சிகரெட் துண்டுகள். கிறிஸ்துமஸுக்குச் சிகரெட்டை விட்டுவிட்டதாக அங்கிள் சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னவர். ஆன்ட்டி கைப்பிடிச் சுவரிலிருந்து கேட்டைப் பார்த்துச் சொன்னார்:

"ஹவ், ஆமா, வீட்லதான் இருந்திருக்கீங்க. உள்ளே வாங்க, சாப்பாடு இருக்கு. அப்புறம் நான் இருக்கேன்."

பிறகு நெட்வொர்க் பிரிவில் விசாரித்துக்கொண்டேன்: உயரத்தில் இருக்கும் போன் தூரத்து டவரைப் பிடிப்பது சகஜம்தான், டவரில் ஒரு கோளாறும் இல்லை, ஆகவே அங்கிளின் புகாரை 'வாடிக்கையாளருக்குத் தீர்வு கிடைத்தது' என்று மூடிவிட்டேன்.