பதினோரு பென்சில் கோடுகள்

போன வாரம் இலாகாப் பரீட்சை ரிசல்ட் வந்தது. இங்கிலீஷ் பேப்பரில் நான் பாஸ்!

வாரா வாரம் இங்கே தமிழில் உங்களை அறுக்கிறவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவு தகராறா என்று கேட்பீர்கள். தகராறுதான். இரண்டு தடவை கோட்டை விட்டவன். இந்தத் தடவையும் போனால் பிரமோஷனுக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று கடலூர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

முன்பு எனக்குக் கைகொடுத்தவர் வேணு மச்சான் — மனைவியின் அண்ணன். திருப்பாதிரிப்புலியூரில் பக்கத்துத் தெரு. நான் எழுதிக்கொண்டு போவதை மொத்தமாக அடித்துவிட்டு, முத்து முத்தாகத் தானே எழுதித் தருவார். நான் அழகாகக் காப்பி எடுப்பேன். வீட்டில் படித்தால் எல்லாம் புரியும். பரீட்சை ஹாலில்... மச்சானை உள்ளே விடமாட்டார்களே!

இந்தத் தடவை மனைவி சரோஜாவிடமே சரணடைந்தேன். அவள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள். வாரம் ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுதிப் போடுவேன். அவள் திருத்தி அனுப்ப வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கல்யாணமாகி எட்டு மாதம். முதல் கடிதத்தில் கொஞ்சம் உருகிவிட்டேன். நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை, வீடு வீடாகவே இல்லை... பதில் வந்தது. பிரித்தால், என் கடிதமேதான். பதினோரு இடத்தில் அடியில் பென்சில் கோடு. வேறு ஓர் எழுத்து இல்லை!

வந்ததே கோபம். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரத்தில் போய் நின்றேன்.

"கோடு மட்டும் போட்டா ஆச்சா? சரியானத எழுத உனக்குக் கை வலிக்குதா?"

"எழுதிக் குடுத்தா அண்ணன்கிட்ட பண்ண மாதிரி காப்பிதான் அடிப்பீங்க. தப்பு எங்க இருக்குன்னு காட்டிட்டேன். என்ன தப்புன்னு நீங்களே கண்டுபுடிங்க. போங்க... ரயிலு வந்துடப் போவுது."

விரட்டியே விட்டாள்.

ரயிலில் உட்கார்ந்து தேடினேன். வீட்டுக்கு வந்து இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். 'ஐ ஹேஸ்' என்று எழுதியிருக்கிறேன், தெரியுமா? அன்றைக்கு ஏழு அகப்பட்டன. மீதி நாலுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆனால் ஒன்று — நானே தேடிப் பிடித்த தப்பு மறுபடி அநேகமாக என் பேனா பக்கம் வரவில்லை. மச்சான் திருத்தினதெல்லாம் திரும்பத் திரும்ப வந்ததே! பிறத்தியார் சாப்பிட்டால் நமக்குப் பசி ஆறுமா?

கோடுகள் குறைந்தன. நடுவில் ஒரு வாரம் பதின்மூன்றுக்கு ஏறியதும் உண்டு. அப்போது எனக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்த அன்றே சரோஜாவுக்கு எழுதினேன். இங்கிலீஷில் முழுதாக ஒரு பக்கம். நீ இல்லாவிட்டால் எனக்கு இந்த பாஸ் ஏது, எப்படி நன்றி சொல்வேன் என்று. எழுதும்போது கண் கலங்கியது. மறைப்பானேன்?

நேற்று அது திரும்பி வந்தது. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை! கடைசியில் மட்டும் தமிழில் எழுதியிருந்தாள்:

"இதுல ஒரே ஒரு தப்பு. நேர்ல வந்து சொல்லியிருக்கணும்."

லீவு லெட்டர் கொடுத்தாயிற்று — இங்கிலீஷில்தான்!