தானே விழுந்தவர்

தொலைந்துபோன பட்டச் சான்றிதழுக்காகப் புகார் கொடுக்கப் போன இடத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு. "அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துடுங்க சார்" என்று காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். இருபத்திரண்டு வருஷமும் சைக்கிள்தான். அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் 'நடுரோடு'. சாலை ஓரத்தை ஒட்டிப் போகவே மாட்டார். ஓர் ஆள் அகலம் தள்ளித்தான் போவார். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். திரும்ப மாட்டார். கண்ணாடியை இறக்கித் திட்டுகிறவனுக்கும் பதில் கிடையாது. சாலை அகலமானதும் அவராகவே ஒதுங்கி, போ என்று கை காட்டுவார்.

"ஓரமாப் போனா உரசிட்டுப் போவான். தள்ளிப் போனா திட்டிட்டுப் போவான். திட்டினா ரத்தம் வராதே!"

மனைவிதான் தினமும் வாசலில் நின்று சண்டை பிடித்தாள். "கார்க்காரனோட உங்களுக்கு என்னங்க போட்டி? ஓரமாப் போனா கிரீடம் கீழ விழுந்துடுமா?" மகளும் சேர்ந்துகொண்டாள். ரெண்டு பேர் வாய்க்கு முன்னால் அவர் எம்மாத்திரம்? ஒரு திங்கட்கிழமை ஓரமாகவே போனார்.

இடம் கிடைத்தது என்று ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் நுழைந்தது. அதன் பக்கக் கண்ணாடி முழங்கையில் அடித்தது. சாக்கடை மூடிமேல் போய் விழுந்தார். காரை ஓட்டியவன் இறங்கி, முதலில் கண்ணாடியைத்தான் தடவிப் பார்த்தான்.

காவலர் எழுதியது: 'நிலைதடுமாறித் தானே விழுந்தார்.' அந்தத் 'தானே' இருக்கும்வரை அலுவலகத்தில் காய விடுப்பு கிடையாது. உடைந்த கையோடு மறுநாளே வேலைக்குப் போக வேண்டும்.

"நடுரோட்டுல வந்து விழுந்தா நான் என்ன சார் பண்றது?" என்றான் கார்க்காரன்.

துணைக்கு வந்திருந்த அலுவலக நண்பருக்குப் பொறுக்கவில்லை. "சார், நம்ம நடுரோடு அப்படிப்பட்ட ஆளே இல்ல!"

காவலரின் பேனா நின்றது. "என்ன பேரு சொன்னீங்க?"

"அது... சும்மா விளையாட்டுக்குக் கூப்பிடறது சார்."

"விளையாட்டுக்கு ஏன் அந்தப் பேரு?"

நண்பர் மாவுக்கட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கார்க்காரன் வாய்விட்டே சிரித்தான்.

"அன்னைக்கு ஓரமாத்தான் போனேன் சார். வேணும்னா என் வீட்டுல கேட்டுப் பாருங்க."

"உங்க வீட்டம்மா ரோட்டுல நின்னு பார்த்தாங்களா?"

ஒரு சொல்லை எடுக்கச் சொன்னவருக்கு ஒரு வரி கூடுதலாகக் கிடைத்தது: 'வழக்கமாகச் சாலையின் நடுவே செல்பவர்.' இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். நண்பர் தலை நிமிரவே இல்லை.

மறுநாளே அவர் மீட்டர் கணக்கெடுக்கும் சுற்றுக்குப் போனார். கட்டுக்குள் எலும்பு பிசகி ஒட்டிக்கொண்டது. இப்போது அதே அலுவலகத்தில், தண்ணீர் வரவில்லை என்று வரும் தொலைபேசிப் புகார்களை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் பஸ்ஸில் வருகிறார்.