நெஞ்சில் ஒருத்தி, மணிக்கட்டில் ஒருத்தி

"மேரி சிஸ்டர் போயிட்டாங்கம்மா" என்று எடமலைப்பட்டி புதூரிலிருந்து அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்துக்கே வந்து சொன்னார். இருதய வார்டில் என்னோடு நர்ஸாக இருந்தவள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எதிலும் என்னை முந்திக்கொள்வதே அவள் வழக்கம்.

எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த டிசம்பர் நினைவிருக்கும். எழுபதுகளின் கடைசி. கிறிஸ்துமஸும் வைகுண்ட ஏகாதசியும் ஒரே வாரத்தில் வந்து தொலைத்தன. ஒருத்திக்குத்தான் லீவு என்றார்கள். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. பேச்சே நின்றுபோனது.

ஆனால் தாறுமாறாகத் துடிக்கும் நெஞ்சை ஒருத்தியாக எண்ண முடியாதே! ஒருத்தி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க, இன்னொருத்தி மணிக்கட்டைப் பிடிக்க, ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரைகுறைத் துடிப்புகள் கைக்கு வந்து சேராது. அந்த வித்தியாசம் கூடினால் ஆபத்து. "ஆரம்பி", "போதும்" என்ற இரண்டு சொல் மட்டும் எங்களுக்குள் மிச்சமிருந்தது.

ஒரு காலை வார்டில் படுத்திருந்த அம்புஜம் மாமிக்கு எண்ணினோம். நான் நெஞ்சில், அவள் கையில். என் எண்ணில் பாதிதான் அவளுக்கு வந்தது.

"தப்பா எண்ணிட்டே. கோவத்தை என்மேல காட்டு, நோயாளி மேல காட்டாதே" என்று சீறினாள்.

"உனக்குத்தான் கை பிடிக்கத் தெரியல" என்றேன்.

மாமிக்கு மூச்சு இரைத்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "சண்டையை அப்புறம் வச்சுக்கோங்கோ. நான் இருக்கேனா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியாயிற்று. வந்ததும் யார் எண்ணைச் சொல்வது? என்னுடையது தப்பென்றால் வேண்டாத மருந்து ஏறும். அவளுடையது தப்பென்றால் வேண்டிய மருந்து நின்றுபோகும்.

மேரி சட்டென்று எழுந்தாள். "வா இந்தப் பக்கம். இடம் மாத்தி எண்ணு."

எண்ணினோம். மணிக்கட்டில் எனக்கும் துடிப்பு விட்டு விட்டுத்தான் வந்தது. நெஞ்சின்மேல் குனிந்திருந்த அவள் முகம் வெளுத்தது. "நீயும் சரிடி, நானும் சரி. மாமியோட நெஞ்சுதான் தறிகெட்டு ஓடுது."

டாக்டர் வந்ததும் இரண்டு எண்களையும் சொன்னோம். ஊசி ஏறியது. மூச்சு தணியும் வரை மேரி மாமியின் கையை விடவேயில்லை. சாயங்காலம் மாமி காபி கேட்டார்.

லீவா? "நீ ஏகாதசிக்குப் போ" என்றாள் அவள். "நீ கிறிஸ்துமஸுக்குப் போ" என்றேன் நான். அதற்கும் ஒரு சண்டை.

அதன்பிறகு எங்களுக்குள் எது முட்டிக்கொண்டாலும் மேரி கேட்பது ஒன்றுதான்: "இடம் மாத்தி எண்ணிப் பாக்கலாமா?" மருமகளிடம் எனக்கு வார்த்தை தடிக்கும்போதெல்லாம் இப்போது அதை நானே சொல்லிக்கொள்கிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

புதூரில் அவளைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பழக்கதோஷம், மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "இதுலயும் முந்திக்கிட்டியேடி" என்று சண்டை பிடித்தேன். வா இந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை.