எங்கட ஆக்களுக்கான படகு

பத்து வயதில், வெள்ளத்தில் தவித்து நின்ற ஒரு தாயையும் பிள்ளையையும் ஏற்றவிடாமல் ஒரு படகை நான் அனுப்பிவிட்டேன். அதற்கு எனக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. சிறுபிள்ளை தெரியாமல் செய்தது என்று என் மனைவி சமாதானம் சொல்வாள். பாதி தெரிந்துதான் செய்தேன்.

இப்போது வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். தண்ணீர் என்னிடம் வராது. ஆனால் இந்த முறை வெள்ளம் வந்தபோதும் நிவாரண லொறி யாருடைய வாசலில் முதலில் நின்றது, யார் கை காட்டி நின்றது என்று கேள்விப்பட்டேன். என் கதையை மறைத்துவிட்டு அவர்களை ஏச எனக்கு உரிமை இல்லை. ஏசாமல் விடுகிற உத்தேசமும் இல்லை.

அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். களனி கங்கை பெருகி, விடிந்தபோது வீட்டு முன் ஒழுங்கைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஒரு படகு வந்தது. எல்லாரும் அதைப் போட்டு என்றுதான் சொன்னார்கள். போட்டு மாநகர சபையுடையது, துடுப்பு வலித்தவர்களும் சபை ஊழியர்கள். ஆனால் முன்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்தவர் வட்டார உறுப்பினரின் மைத்துனர். சபையில் அவருக்கு வேலை எதுவும் கிடையாது. மைத்துனராக இருப்பதே வேலை. தேர்தலில் உறுப்பினருக்குத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுத்தவர், யாழ்ப்பாணத்துக் கிளாக்கரான என் ஐயா. ஆகவே படகு முதலில் எங்கள் வாசலுக்கு வந்தது. எங்களை ஏற்றினார்கள். அம்மாவின் தையல் மெஷினையும் ஏற்றினார்கள்.

ஒழுங்கை வளைவில், ஒரு மதிலின் மேல் மாரியம்மா கைப்பிள்ளையோடு நின்றாள். மலைநாட்டிலிருந்து வந்து பின்பக்கத் தகரக் குடிசைகளில் இருந்தவள். எங்கள் தெருவைக் கூட்டுபவள். மைத்துனருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் பக்கத்தில் இருத்தியிருந்தார். அவளைக் காட்டி, "மல்லி, அபே மினிஸ்சுத?" என்றார். தம்பி, எங்கள் ஆட்களா என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான். புதிதாக யார் வந்துபோனாலும் அம்மா ஐயாவிடம், "அவை எங்கட ஆக்களோ?" என்று விசாரிப்பார். ஊர் தெரிந்து, பகுதி, அதாவது சாதி, தெரிந்த பிறகுதான் அவர்களுக்கு எந்தக் கோப்பையில் தேநீர் என்பது முடிவாகும். மாரியம்மாவுக்குக் கோப்பையே இல்லை. பின்கதவடியில் ஒரு தகரப் பேணி இருந்தது.

"நே," என்றேன். இல்லை.

அம்மாவும் ஐயாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னும் இடமிருந்தது. படகு போய்விட்டது.

மத்தியானம், கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவள் நடந்தே பள்ளிக்கூட முகாமுக்கு வந்து சேர்ந்தாள். பின்னால் குடிசைக்காரர் எல்லாரும் வந்தார்கள். மைத்துனர் மேசை போட்டுப் பாண் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களைச் சுவரோரம் நிற்கச் சொன்னார், மிஞ்சினால் பார்க்கலாமாம்.

பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மேசையடிக்குப் போய், இவர்களும் எங்கள் ஆட்கள்தான், காலையில் சொன்னது பொய் என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னேன். ஐயா என் காதைப் பிடித்து முறுக்கினார். காலையில் இல்லாத சொந்தம் மத்தியானம் எங்கிருந்து வந்தது என்று மைத்துனர் சிரித்தார்.

அதற்குள் மாரியம்மாவே மேசைக்கு வந்துவிட்டாள். "தம்பி காத விடுங்கய்யா. அது ஆமான்னு சொல்லியிருந்தாலும் இவரு ஏத்தியிருக்க மாட்டாரு. வோட்டு இல்லாதவளுக்கு எதுக்குப் போட்டு?"

வோட்டு, போட்டு இரண்டு சொல்லும் சிங்களவருக்கும் விளங்கியதால் வரிசை முழுக்கச் சிரித்தது. மைத்துனரின் முகம் கறுத்தது. அவள் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள். "எங்காளுங்க எல்லாருக்கும் பாணு குடுக்காம இந்த மேசைய விட்டு நகர மாட்டேன்."

வரிசை அசையவில்லை. யாரும் அவளை விலகச் சொல்லவும் இல்லை. கடைசியில் மைத்துனர் பாணைத் தள்ளினார். அவள் வாங்கி வாங்கிப் பின்னால் கொடுத்து, தனக்குக் கடைசியாக எடுத்தாள்.

நானும் சிரித்தேன். வோட்டு, போட்டு என்று அன்று முழுக்கப் பாடித் திரிந்தேன். இந்த நாட்டில் பிறந்திருந்தும், இந்திய வம்சாவளி என்று அவளுடைய வாக்கைச் சட்டம் போட்டுப் பறித்திருந்தார்கள் என்பதோ, அதனால் எந்த உறுப்பினருக்கும் அவள் வேண்டாதவள் என்பதோ எனக்குத் தெரியாது. காதை விடச் சொன்னாளே, அதையே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.