கிராஞ்சியில் மூன்றாவது மணி

நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, எண்பதுகளின் நடுவில் சில காலம், வார நாள்களில் உங்களுக்கு அப்பா என்றால் தூக்கத்தில் கேட்கும் கதவுச் சத்தம் மட்டும்தான். காலையில் சின்னவள், "அப்பா நேத்து வந்தாரா?" என்று உங்கள் அம்மாவிடம் கேட்பாளாம். நான் அப்போது பக்கத்து அறையில்தான் படுத்திருப்பேன்.

அந்த அலைச்சலுக்குக் காரணம் ஒரு ஃபிளாப்பி. நான் வேலை பார்த்தது சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில். சாமான் எல்லாம் தீவின் வட கோடியில், கிராஞ்சியில் ஒரு கிடங்கில் இருக்கும். பகலில் வரும் ஆர்டர்களைக் கடைக் கம்ப்யூட்டரில் நான் அடித்து, சாயங்காலம் அந்த ஃபிளாப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். கிராஞ்சி கம்ப்யூட்டரில் போட்டு அச்செடுத்துக் கொடுத்தால்தான் விடியலில் லாரி ஏற்ற முடியும். போனில் வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். வாசித்தால் இரண்டு பக்கமும் ஆளும் லைனும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். திரும்பும் பஸ்ஸோ, வந்தால் வந்தது.

ஒரு நாள் முதலாளி தமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து இரண்டு பழைய மோடம் பெட்டிகளை வாங்கி வந்தார். போன் லைன் வழியாகவே ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொன்றுக்கு அனுப்பும் சாமான் அது. கூடவே அதற்கான புரோகிராமும் ஒரு விளக்கப் புத்தகமும். ஃபைலும் அனுப்பலாம், சின்னதாகக் கடிதமும் எழுதி அனுப்பலாம்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் பாரு. ஓடுச்சுன்னா நீ கடையிலேர்ந்தே வீட்டுக்குப் போயிடலாம். ஓடலேன்னா பெட்டிய திருப்பிக் கொடுத்திடுறேன். நீ எப்பவும் போல பஸ் ஏறு" என்றார்.

செகண்டரி இரண்டோடு படிப்பை விட்டவன் நான். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிக்காத படிப்பெல்லாம் அந்த வாரம் படித்தேன். இரண்டு பக்கமும் ஒரே வேகம் இருக்க வேண்டும். ஒன்று கூப்பிட வேண்டும், மற்றொன்று எடுக்க வேண்டும். கிராஞ்சியில் போனும் மோடமும் ஒரே லைனில் இருந்ததால், முதல் இரண்டு மணிச் சத்தத்தை மனிதருக்கு விட்டு, மூன்றாவது மணியில் மோடம் எடுக்கும்படி அமைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையிலிருந்து கூப்பிடுவது என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை கூப்பிட்டேன். திரையில் பச்சை எழுத்தில் 'இணைப்பு இல்லை' என்று இங்கிலீஷில் வந்தது. செவ்வாயும் அதுவே. ஒயரைக் கழற்றி மாட்டினேன், வேகத்தைக் குறைத்தேன், புரோகிராமை முதலிலிருந்து ஏற்றினேன். புதன், வியாழனும் அதே பதில்தான். வாடிக்கையாளர் மிரள்வார்கள் என்று முதலாளி மோடத்தின் சத்தத்தை அடைத்து வைக்கச் சொல்லியிருந்தார். அதனால் லைனில் என்ன நடக்கிறதென்று என் காதுக்கு எட்டவில்லை. ஒவ்வொரு நாளும் தோற்றுப்போய் ஃபிளாப்பியோடு பஸ் ஏறினேன்.

கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட மூத்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம், "அண்ணே, நீங்க மெஷின் பக்கம் போனீங்களா?" என்று கேட்டேன்.

"சேசுவே! அத நான் தொடவே இல்ல தம்பி. மேல போட்ட துணியக்கூட எடுக்கல லா!"

வெள்ளிக்கிழமை வேறு வழி யோசித்தேன். கல்லாவில் உட்காரும் முதலாளியம்மாவிடம் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நானே முன்கூட்டிக் கிராஞ்சிக்குப் போய் மோடத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன். அண்ணன் தூரத்தில் வெங்காய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அடித்த அந்த நொடியில், அந்தக் கனத்த மனிதர் மூட்டைகளைத் தாண்டிக் குதித்து ஓடி வந்து எடுத்தார்.

"வணக்கம் முதலாளி!"

அந்தப் பக்கம் சத்தமில்லை. கொஞ்சம் காத்திருந்து, மரியாதையாகப் போனை வைத்துவிட்டு, மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? மொத மணியிலேயே! இந்த வாரம் முழுக்க டெஸ்ட் வைக்கிறாரு. தெனமும் அஞ்சு மணிக்கு. ஒரு நாளும் நான் விடல."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையிலோ கிடங்கிலோ முதல் மணியிலேயே போனை எடுக்க வேண்டும். இரண்டாவது மணி அடித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பார். அதைச் சோதிக்க எங்காவது காப்பிக் கடையிலிருந்து கூப்பிடுவார். உடனே எடுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவார். தாமதமானால்தான் பேச்சு வரும்: "ஏன்யா, தூங்குறீங்களா?" ஆகவே பேசாத போன் என்றால் அண்ணனுக்கு அது முதலாளிதான். வாரம் முழுக்க அவர் வணக்கம் சொன்னது என் மோடத்துக்கு!

"அண்ணே, அது முதலாளி இல்ல, மெஷின். நாளைக்கு அஞ்சு மணிக்கு எடுக்காம இருங்க, போதும்."

"அது மெஷினா அவரான்னு மணியப் பாத்து எப்படி லா தெரியும்? அவரா இருந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவர் சொன்னது நியாயம். வேறு வழியில்லாமல் மறுநாள் காலை முதலாளியிடமே போனேன். உங்கள் சட்டம்தான் உங்கள் மெஷினைத் தடுக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இன்னிக்கு அஞ்சு மணிக்கு நீங்களும் கிராஞ்சிக்கு வந்தா நல்லா இருக்கும் முதலாளி. நீங்க எதிர்ல உக்காந்திருந்தா அண்ணன் பயப்பட மாட்டாரு" என்றேன். அண்ணன் வாரம் முழுக்க மோடத்துக்கு வணக்கம் சொன்ன கதையைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். "ஒரே ஒரு தடவை" என்று சொல்லி, சாயங்காலம் என்னோடு லாரியில் ஏறினார்.

கடையில் பொத்தானை அழுத்த முதலாளியம்மா இருந்தார். கிடங்கில் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

முதல் மணி அடித்தது. அண்ணன் எழவில்லை. எழுந்தது முதலாளி. பழக்கம்! கை நேராகப் போனுக்குப் போனது.

"அலாமாக்! முதலாளி, வேணாம் லா!" என்று அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். முதலாளி கையை அவர் தொட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது மணி. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது மணி அடித்ததும் பெட்டிக்குள் ஒரு கீச்சல், பிறகு இரைச்சல். விளக்குகள் மின்னின. பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன: மிளகாய், சீரகம், பருப்பு. ஆர்டர் எல்லாம் வந்து முடிந்த பிறகு ஒரு சின்னக் கடிதமும் வந்தது. முதலாளியம்மா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்: 'வந்துச்சா? வந்துச்சுன்னா மூணு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க.'

முதலாளி அதை இரண்டு முறை வாசித்தார். "சரி, இனிமே அஞ்சு மணிக்கு யாரும் எடுக்க வேணாம்" என்று அண்ணனிடம் சொன்னார். வாசல் வரை போய்த் திரும்பி, "அஞ்சு மணிக்கு மட்டும்தான்" என்றார்.

திங்கட்கிழமை ஆர்டரை அனுப்பிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே தோ பாயோ வீட்டுக் கதவைத் தட்டினேன். உங்கள் அம்மா திறந்து பார்த்துப் பதறிப்போனாள். "என்னாங்க, வேலை போயிடுச்சா?" சின்னவள் கணக்குப் புத்தகத்தை என் மடியில் போட்டாள். பெரியவன் என் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து வார நாள்களிலும் நாம் சேர்ந்து சாப்பிட்டோம்.

இப்போது வீட்டுப் போன் அடிக்கும்போது நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அப்பா, காது கேக்கலையா?" என்று அதட்டுகிறீர்கள். நன்றாகவே கேட்கிறது. மூன்றாவது மணிக்காகக் காத்திருக்கிறேன்.